மலைச்சரிவுக்கு எந்த வண்டி?

கேமரன் மலைக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் தேயிலை, ஸ்ட்ராபெரி, பள்ளி விடுமுறை நெரிசல் என்று சொல்வார்கள். லேண்ட் ரோவரைச் சொல்பவர்கள் குறைவு. சிம்பாங் பூலாய் வழியாக ஏறி கம்போங் ராஜாவை நெருங்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். கதவில்லாத, சாயம் போன பச்சை வண்டிகள் எதிரே வரும். பின்னால் காய்கறிக் கூடைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். சில வண்டிகள் அதை ஓட்டும் இளைஞரைவிட இரண்டு மடங்கு வயதானவை.

பார்க்க அழகு என்பதற்காக யாரும் இவற்றை வைத்திருக்கவில்லை. லேண்ட் ரோவர் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோதே விவசாயிக்கான வண்டியாகத்தான் வந்தது. போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புக்குப் பங்கீடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அன்றைய தட்டுப்பாடு, ஆண்டு முழுவதும் ஈரம் சொட்டும் நம் மலைக்கு வரமாகிவிட்டது. மேல்தகடு செம்மண் நிறத்தில் உதிர்ந்து கொட்டுவதில்லை. அந்தப் பழைய பாணி வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. கம்போங் ராஜாவில் அது யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

இந்த வண்டிகளைப் பற்றி நான் இவ்வளவு யோசிக்கக் காரணம் என் அத்தை வீட்டுக்காரர். மாமா அங்கே முட்டைகோஸும் தக்காளியும் போடுகிறார். பழைய வண்டியின் அடிச்சட்டம் துருவேறி, ஒட்டு வைக்கவும் இடமில்லாமல் போனது. அடுத்து எதை வாங்குவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மச்சான் கோலாலம்பூரில் வேலை செய்கிறான். அவன் முடிவோடுதான் வந்திருந்தான்.

"அப்பா, சைட்-பை-சைட் ஒன்னு எடுத்துடலாம்பா. வேலைக்கும் ஆச்சு, லீவுல பிள்ளைங்க வந்தா சுத்திக் காட்டவும் ஆச்சு."

"எடுக்கலாம்யா. உள்ள பெல்ட் அறுந்தா யாரு வந்து மாத்துவா?"

மச்சான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏடிவி வேறு, சைட்-பை-சைட் வேறு. ஏடிவி என்பது நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் மாதிரி. காலைப் பரப்பி உட்கார்ந்து, வளைவிலும் சரிவிலும் ஓட்டுபவர் தன் உடம்பைச் சாய்த்துத்தான் சமநிலை பிடிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒருவருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. முன்னால் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு படம் எடுக்கிறோமே, அப்போது அந்தச் சாய்மானமே கெட்டுப்போகிறது. சைட்-பை-சைட் என்றால் ஸ்டியரிங், பக்கத்தில் பக்கமாக இருக்கைகள், சீட் பெல்ட், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டு, பின்னால் சுமைத்தட்டு எல்லாம் உண்டு. பிள்ளைகளோடு சுற்றத்தான் வண்டி என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மாமாவின் கணக்கு உர மூட்டையில் தொடங்குகிறது. ஒரு மூட்டை 50 கிலோ. ஏடிவியின் பின்சட்டத்தில் ஒன்று வைக்கலாம், இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும். சைட்-பை-சைட்டில் மாடலைப் பொறுத்து நாலைந்திலிருந்து பத்து வரை போகும். ஹைலக்ஸ் போன்ற பிக்கப் ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். ஆனால் மாமா நிலத்து வளைவில் அது ஒரே மூச்சில் திரும்பாது. பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் திருப்ப வேண்டும், பக்கத்தில் பள்ளம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். காய்கறி ஏற்றி, மழை நின்ற கையோடு களிமண் பாதையில் இறங்கும்போது பிரேக்கை நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நான்கு சக்கரத்தையும் இணைத்து, லோ கியரில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த விட வேண்டும். மாமா அப்படி இறங்கும்போது அவர் கால் பிரேக் பக்கமே போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலித்தது. சைட்-பை-சைட் பலவற்றில் கியருக்குப் பதில் பெல்ட் ஓடுகிறது. கனத்தோடு சேற்றில் திணறினால் அது சூடாகித் தேயும். மாமா கேட்ட பெல்ட் அதுதான். குபோத்தாவின் டீசல் வண்டிகளில் அந்தப் பெல்ட் இல்லை, ஹைட்ராலிக் முறை. விலையைக் கேட்டதும் மாமா தேத்தண்ணி குடிக்க எழுந்து போய்விட்டார்.

பாதையைக் கான்கிரீட் போட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாமாவின் நிலம் தற்காலிக உரிமத்தில் இருப்பது. டிஓஎல் என்பார்கள். டிசம்பர் 31 வந்தால் அது முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். "நாளைக்கு நம்மளுதா இருக்குமான்னு தெரியாத மண்ணுல சிமெண்ட எப்படிக் கொட்டுறது? வண்டின்னா போற இடத்துக்குக் கூட வரும்" என்றார்.

கடைசியில் பேச்சை முடித்து வைத்தது நானூறு மீட்டர் தார்ச்சாலை. மாமாவின் நிலம் இரண்டு துண்டு, நடுவே பொதுச்சாலை. ஏடிவி, சைட்-பை-சைட் எல்லாம் சொந்த நிலத்துக்குள் ஓட்டத்தான். பொதுச்சாலைக்கு வர அனுமதி கிடையாது. சாலையில் ஏறும் வண்டிக்குப் பதிவு, சாலை வரி, காப்புறுதி மூன்றும் வேண்டும். நானூறு மீட்டர்தானே என்று விபத்து பார்த்து வருவதில்லை. பாகான் டத்தோ பக்கம் மட்டமான செம்பனை நிலம், ஒரே துண்டு, வாசலிலேயே கிடங்கு என்றால் மச்சான் ஜெயித்திருப்பான்.

பழுதுபார்ப்பதும் அப்படித்தான். வானொலியில் "தாப்பா சாலையில் மண்சரிவு, மாற்று வழியைப் பயன்படுத்துங்கள்" என்று எத்தனையோ காலைகளில் சொல்லியிருக்கிறேன். மலை மேல் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. கீழிருந்து வரவேண்டிய சாமான் அன்றைக்கு வராது. லேண்ட் ரோவருக்கான சாமானோ பக்கத்துப் பட்டறையிலேயே தொங்குகிறது. கழற்றி மாட்டத் தெரிந்தவர் பெயரைக் கேட்டால் ஆளுக்கு மூன்று பேர் சொல்வார்கள்.

இரண்டு வாரம் தேடினோம். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது என்பதில் மயங்கக்கூடாது, அதைத் தாங்கும் அடிச்சட்டம் இரும்பு. மாமா ஒரு சிறிய சுத்தியலோடு வண்டிக்கடியில் படுத்துத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். மண்சட்டியில் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டால் எழுந்து உடம்பைத் தட்டிவிட்டு, விலைகூடக் கேட்காமல் நடந்துவிடுவார். மச்சான் கெரானையும் அடிச்சட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தான். புஸ்பாகோம் சோதனையில் எண் பொருந்தாவிட்டால் உரிமை மாற்றம் நடக்காது. ஐந்தாவது வண்டி ரிங்லெட்டில் கிடைத்தது. விவசாயத்தை விட்டுவிட்டு மகளிடம் போகும் ஒரு தவுக்கேயின் வண்டி. முன்னால் மூன்று இருக்கைகள், எண்பதுகளில் வந்தது, ஓட்டுநர் கதவு மட்டும் வேறு நிறம்.

வாங்கிய மறுநாளே மச்சான் தன் செலவில் மூன்று இருக்கைக்கும் புது சீட் பெல்ட் போட்டான். பின்னால் கூடைகளுக்கு நடுவே பிள்ளைகள் தொற்றிக்கொண்டு போவது எங்கள் காலத்தில் நடந்தது. இனி இல்லை என்பது அவன் போட்ட நிபந்தனை. மாமாவுக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு ஒத்துக்கொண்டார். இந்த விடுமுறைக்கு ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பேர், வளர்ந்த பிள்ளைகள் மட்டும். மீதிப் பேர் அத்தையோடு கோழி எரு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, தங்கள் முறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.