நாற்பதா, ஐம்பதா?

ஒரு கான் எஞ்சின் ஒயிலுக்காக எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றது. சண்டை என்று சொல்ல முடியாது. அப்பா பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

நாங்கள் என்றால் அண்ணனும் தங்கச்சியும். ஒருவர் கெப் ஓட்டுகிறார், மற்றவர் பேராதனைக் கலைப்பீடத்தில் இறுதி வருடம். கெப் பழைய 2.8 லீற்றர் டீசல், டேர்போ இல்லை. கம்பளையிலிருந்து கடைச் சாமான் ஏற்றி நுவரெலியா போகும். லீக்ஸும் கரட்டும் ஏற்றி கண்டிக்கு இறங்கும். வீட்டுச் செலவு, கம்பஸ் செலவு எல்லாம் அதன் தலையில்தான்.

றம்பொடை வளைவுகளில் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. அப்பா 15டபிள்யூ-40ஐ விட்டுவிட்டு 20டபிள்யூ-50க்கு மாறினார். "கெட்டியா ஊத்தினா புகை அடங்கும்." அடங்கவும் செய்தது, அதுதான் எங்களுக்குக் கோபம். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தேடி வாசிக்கத்தானே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்!

வாசித்ததில் தெரிந்தது இது. டபிள்யூ என்றால் வின்டர். அதற்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கு. 15டபிள்யூ ஒயிலை எஞ்சின் சுழலுமா என்று சோதிப்பது மைனஸ் 20 பாகையில், 20டபிள்யூவை மைனஸ் 15இல். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழுந்தாலும் அந்தக் குளிர் நமக்கு எங்கே? நமக்கு முக்கியம் பின்னால் வரும் எண். 100 பாகைச் சூட்டில் 40ஆம் எண் ஒயிலின் பாகுநிலை 12.5க்கும் 16.3க்கும் இடையில், 50இன் பாகுநிலை 16.3க்கும் 21.9க்கும் இடையில். தேய்ந்த எஞ்சினில் இடைவெளி கூடியிருக்கும், அங்கே கெட்டி ஒயில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் விடியக்காலை ஸ்டார்ட் பண்ணும்போது மேலே ஏறக் கொஞ்சம் சுணங்கும், டீசலும் சற்றுக் கூடக் குடிக்கும்.

இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போனோம். பாஸ் தாளைப் பார்க்கவே இல்லை. கம்ப்ரஷன் மீற்றரை மாட்டினார். மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றையும் விட நல்லாக் குறைவு.

"ரிங்ஸ் போயிருச்சு. நாப்பது ஊத்தினாலும் அம்பது ஊத்தினாலும் ரிங் வளராது. எஞ்சின இறக்கணும், ரெண்டு கிழமை வண்டி நிக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னோம். அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"தெரியும். 2022லயே தெரியும். அப்ப டீசல் வரிசையில நின்னமா, ரிங் மாத்தினமா? அப்புறம் ஒன்னு மாத்தி ஒன்னு செலவு. இப்ப கம்பஸ் முடியட்டும்னு பாத்தேன்."

எங்களிடம் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. எடுக்கவில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த அடுத்த கிழமை எஞ்சினை இறக்குவதாக முடிவு. சீட்டுப் பணமும் அப்போதுதான் கைக்கு வரும். அதன் பிறகு 15டபிள்யூ-40. அதுவரை அப்பாவின் ஐம்பதேதான், ஸ்டார்ட் பண்ணியதும் ரேஸ் பண்ணக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிபந்தனை எங்களுடையது, அப்பா ஒத்துக்கொண்டார்.

இப்போது விடியக்காலை நாலரைக்கு டிப்ஸ்டிக் பார்ப்பது எங்கள் வேலை. அப்பாவின் பழைய சாரத் துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, டோர்ச் வெளிச்சத்தில் பிடிக்கிறோம். இன்றைக்கு மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.