துவர்ப்பும் தேறலும்

சித்தூர்க்காரன் ஒருவனுக்கு ஐரோப்பிய மதுவின் சுவையைப் பற்றி எழுத என்ன உரிமை என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. 1937-ஆம் ஆண்டு இராஜாஜி அமைச்சரவை சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, மறு ஆண்டே சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. அன்று எங்கள் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பிறருக்கு அது வரலாற்றுப் பாடம். எங்களுக்கோ குடும்பக் கதை.

என் தாய்வழிப் பாட்டனார் வெல்லம் ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டியவர். வாரக் கூலியில் பாதி கள்ளுக்கடையிலேயே கரைந்துவிடுமாம். கடை மூடிய முதல் வாரம், கூலி குறையாமல் வீடு வந்தது. நம்ப மாட்டாமல் மும்முறை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டதைப் பாட்டி சொல்லக் கேட்டே நான் வளர்ந்தேன். போர்க்காலத்தில் கடைகள் மறுபடி திறந்தபோதும் பாட்டனார் அப்பக்கம் திரும்பவில்லை. எங்களுக்கு நிலமில்லை, நகையில்லை. இதுவே குலப்பெருமையாக இருந்தது.

அவ்வீட்டுப் பிள்ளையாகிய நான் நாவையே தொழிலுக்குக் கருவியாகக் கொண்டேன். சித்தூரைச் சூழ்ந்துள்ள மாம்பழக் கூழ் ஆலைகளுள் ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. இனிப்பின் அளவைக் கருவி காட்டிவிடும்; ஆனால் பழம் மரத்தில் முதிர்ந்ததா, அவசரத்தில் பறித்துப் பழுக்க வைத்ததா என்பதை நாவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் தோதாபுரிப் பழத்தின் மெல்லிய புளிப்பும், தோலருகே நிற்கும் பச்சை மணமும் எனக்கு அரிச்சுவடியாயின. அந்த வேலையே பின்னர் என்னை ஜெர்மனியிலுள்ள பழச்சாற்று ஆலை ஒன்றிற்குக் கொண்டு சேர்த்தது.

அங்கே உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் ஒரு விடுமுறை நாளில் மோசல் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். செங்குத்தான சரிவுகளில், பலகைபோல் உதிரும் கருங்கற்சில்லுகளுக்கிடையே திராட்சைக் கொடிகள் நின்றன. பகலில் வெயிலை வாங்கி இரவில் அக்கற்கள் வெப்பத்தைத் திருப்பித் தருகின்றனவாம். அவ்விடத்து ரீஸ்லிங் மதுவை முதன்முதல் நாவில் ஏந்தினேன். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. என்னையறியாமல், “இது தோதாபுரி!” என்றேன். நண்பர் விழித்தார். முதிர்ந்த ரீஸ்லிங்கில் ஒருவகை மண்ணெண்ணெய் வாடை எழும். சுவைஞர் அதைக் குறையென்று கொள்வதில்லை. எனக்கோ சித்தூர் வீட்டு அரிக்கேன் விளக்குதான் கண்முன் நின்றது.

பிறகு பல ஊர்களின் மதுவைச் சுவைத்தேன். போர்தோவின் செம்மது இளமையில் நாவை உலர்த்தி இறுக்கும். மேலைநாட்டார் அதைச் சுவையெனக் கொள்ளாமல், வாயில் தோன்றும் தொடுவுணர்வு என்பர். அறுசுவையுள் துவர்ப்புக்கும் இடம் தந்த நமக்கு அது புதிதன்று. நாவற்பழமும் வாழைப்பூவும் கடுக்காயும் முன்னரே கற்பித்த பாடம். போர்த்துக்கல் நாட்டுப் போர்ட் மதுவில், சாறு முழுதும் நொதித்து முடியுமுன் திராட்சைச் சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்துகின்றனர். எஞ்சிய சர்க்கரை, பாட்டனார் வண்டியில் ஏற்றிய வெல்லத்தின் பாகினை நினைவூட்டியது. ஸ்பெயினின் கடலோர ஊரான சான்லூக்காரில் முதிரும் மன்சனில்யா, அம்மா போட்ட மாவடுச் சாடியைத் திறந்தாற்போல் உப்பும் கூர்மையுமாய் மணத்தது.

மோசல் கரைக்கு அடுத்த ட்ரையர் நகர் அருங்காட்சியகத்தில், மதுப் பீப்பாய்களை ஏற்றிய உரோமானியப் படகு ஒன்று கல்லில் வடிக்கப்பெற்று நிற்கிறது. அதன்முன் நின்றபோது அரிக்கமேடு நினைவுக்கு வந்தது. 1945-இல் வீலர் அகழ்ந்த அந்தத் துறைமுகத்தில் மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் தந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் நாள்தோறும் பருகி இனிது வாழ வேண்டுமென நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். இன்று மதுவுக்கு இடமே இல்லாத திருமலையின் பழம்பெயர் வேங்கடம். புல்லி ஆண்ட அவ்வேங்கடத்து மறவர் யானைக்கொம்பு கொடுத்துப் பெற்ற நெல்லை நறவுக்கு மாற்றி மகிழ்ந்ததை மாமூலனார் அகநானூற்றில் காட்டுகிறார். தேறலைப் பாடிய அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் நம் முதுசொமே.

இத்தனை நியாயங்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். அம்மா அப்பொழுது திருப்பதியில் இருந்தார். மொட்டைமாடியில் அமர்ந்து மலைப்பாதையின் விளக்குகளைப் பார்த்திருந்த வேளையில் உண்மையைச் சொன்னேன். அரிக்கமேட்டையும் நக்கீரரையும் துணைக்கு அழைத்தேன். தேர்ந்த சுவைஞர் மதுவை விழுங்குவதில்லை, கொப்பளித்துத் துப்பிவிடுவர் என்றும் விளக்கினேன்.

அம்மா சினக்கவில்லை. “எப்படிப்பா இருக்கும்?” என்று கேட்டார். தோதாபுரியையும் நாவற்பழத்தையும் மாவடுவையும் சொன்னேன். சற்றே சிரித்தார். பிறகு, “எல்லாத்தையும் துப்பிடறியா?” என்றார்.

பொய் சொல்ல நா எழவில்லை. “எல்லாத்தையும் இல்லம்மா” என்றேன்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “உங்க தாத்தாவும் முதல்லே ருசி பார்க்கத்தாம்ப்பா போனாரு. அதுக்கும் குடிக்கும் நடுவிலே எத்தனை அடின்னு அவருக்கும் தெரியலே” என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.

நான் திரட்டிச் சென்ற சான்றுகளில் ஒன்றுகூட அதற்கு விடையாகவில்லை. நக்கீரர் பாடியது மன்னனின் பொற்கிண்ணம். பாட்டி எண்ணியது வண்டிக்காரனின் கூலி. நாவுக்குத் துவர்ப்பைப் பகுத்தறியத் தெரியும். தன் எல்லையை அறியத் தெரியாது. சுவைப்பதை நான் விட்டுவிடவில்லை. ஆயின் அன்றுமுதல், அவையில் சுவைப்பதைத் துப்பிவிடுகிறேன். வீட்டில் புட்டி வைப்பதில்லை. இது அறிவா, அச்சமா என்று கேட்டால், இரண்டும் கலந்ததென்றே சொல்வேன்.

ஊர் பெயர்ந்து வாழும் நம் பிள்ளைகள் மது வைத்த மேசைகளில் விருந்துண்ண வேண்டியவர்கள். யவனர் தேறலின் பெருமையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அதனோடு, மும்முறை எண்ணி முந்தானையில் முடிந்த அந்தக் காசின் கதையையும் சொல்லுங்கள்.