துப்பாக்கிக்குப் பஞ்சமில்லாத ஊரில் பன்றிக்கும் பஞ்சமில்லை!

“ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துப் பாருங்க சார். ஒரே மாசத்துல காட்டுப்பன்னித் தொல்லையை முடிச்சுக் காட்டுறோம்!”

எங்கள் வட்டாரத்தில் எந்தக் கூட்டம் போட்டாலும் இந்தக் குரல் ஒலிக்காமல் முடிவதில்லை. மண் பரிசோதனை பற்றிப் பேசப் போனாலும், சொட்டுநீர் மானியம் பற்றிப் பேசப் போனாலும், கடைசியில் பேச்சு பன்றியில்தான் வந்து நிற்கும். உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் அதற்குத் தலையாட்டியவன்தான். அரை ஏக்கர் நிலக்கடலையை ஒரே ராத்திரியில் உழுது போட்டதுபோலக் கிளறிவிட்டுப் போன வயலை நேரில் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

கடந்த மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. துப்பாக்கி வைத்திருப்பது சர்வசாதாரணமான ஊர். பன்றியைச் சுடத் தடையே இல்லாத ஊர். நம் விவசாயிகள் கேட்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பிறகு பன்றி ஒழிந்ததா, இல்லையா? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரிசலும் புகை அடுப்பும்

மகன் குடியிருப்பது மாநிலத் தலைநகரான ஆஸ்டின் பக்கம். பக்கத்து வீட்டில் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். லாக்ஹார்ட் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் அவருக்கு 200 ஏக்கர் குடும்ப நிலம். குத்தகைக்கு விட்டிருக்கிறார். நான் வேளாண்மைத் துறைக்காரன் என்று மகன் சொன்னதுமே, “சனிக்கிழமை வாங்க. பகல்ல கறிக்குப் புகை போடுவோம், சாயங்காலம் நிலத்தைப் பார்ப்போம்” என்று அழைத்துவிட்டார்.

அவர் வீட்டுப் புழக்கடையில் அவரே வெல்டிங் வைத்துச் செய்த புகை அடுப்பு இருக்கிறது. எண்ணெய் வயலில் கழித்துப் போட்ட பெரிய இரும்புக் குழாய்தான் அதன் உடம்பு. ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, நடுவில் கறி, மறுமுனையில் புகைபோக்கி. நெருப்பு கறியைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் கறியைத் தடவிக்கொண்டு போகும்.

மாட்டின் நெஞ்சுப் பகுதிக் கறி 6 கிலோ. மேலே பூசியது உப்பும் மிளகும் மட்டும்தான். விடியற்காலை 4 மணிக்கே ஏற்றிவிட்டாராம். 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 மணி நேரம் இருக்க வேண்டும். அப்போதுதான் முரட்டுச் சவ்வெல்லாம் கரைந்து கறி பஞ்சாகுமாம். என் வீட்டுக்காரம்மா சைவம். அவருக்காக மக்காச்சோளக் கதிர்களையும் ஓர் ஓரத்தில் வைத்திருந்தார்.

விறகு, ‘போஸ்ட் ஓக்’ என்கிற அந்த ஊர் மரம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். “வெள்ளையா, கெட்டியா புகை வந்தா கறி கசக்கும். இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு, லேசா நீல நிறத்துல வரணும்” என்றார். ஈர விறகோடு மல்லுக்கட்டிய நம் அம்மாக்களுக்கும் தெரிந்த பாடம்தான்.

19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் பகுதியிலிருந்தும் வந்து குடியேறிய கசாப்புக் கடைக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய கறி கெட்டுப்போகாமல் இருக்கப் புகை போட்டார்கள். நம் ஊர் உப்புக்கண்டம் மாதிரி. பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதைக் காகிதத்தில் வாங்கி, கையாலேயே சாப்பிட்டார்கள். அந்த ஏழைச் சாப்பாடுதான் இன்று பேர் பெற்ற சாப்பாடு. 1999-ல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவை, லாக்ஹார்ட்டை மாநிலத்தின் ‘பார்பெக்யூ தலைநகர்’ என்று அறிவித்தது.

பூட்டிய பெட்டி

கறி வேகிற நேரத்தில் கார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஆள் உயர இரும்புப் பெட்டி, அதற்குள் துப்பாக்கிகள். பக்கத்து மேசையில் தோட்டா தயாரிக்கும் சிறு கருவி. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவு திருத்தி, மருந்து போட்டு, புதுக் குண்டு வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குகிறார். மருந்தை ‘கிரெயின்’ கணக்கில் நிறுக்கிறார். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் ஊரில் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்ததுபோல, தானிய மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு இது. “மருந்து கூடிப்போனா துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது” என்றார்.

சுவரில் நான்கு விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. சுட விரும்பாத எதை நோக்கியும் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல் துப்பாக்கியால் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அதைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதுக்குத்தான் இந்தப் பூட்டு. சாவி இருக்கிற இடம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது” என்றார். எனக்கு நம் வீடுகளில் விதை மூட்டைக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் பூச்சிமருந்து டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. மனம் உடைகிற நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் எது இருக்கிறது என்பதுதான் எல்லாமே. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே அந்த டப்பாக்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

ஒன்று செத்தது, பதிமூன்றுக்குப் பாடம்

சாயங்காலம் நிலத்துக்குப் போனோம். வழியெல்லாம் நம் கோவில்பட்டி பக்கம் பார்க்கிற அதே கரிசல். வெயிலில் வெடித்து, மழையில் காலை விடாத அதே களிமண். பருத்தி, சோளம், மக்காச்சோளம் விளைகிற பூமி. குத்தகைதாரர் அப்போதுதான் மக்காச்சோளம் விதைத்திருந்தார். மூன்று வரிசைகளில், கயிறு பிடித்ததுபோல நேராக மண் கிளறிக் கிடந்தது. பன்றிகள் விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டே மூக்கால் கிண்டி, ஒவ்வொரு விதையாகத் தின்றிருக்கின்றன.

இவை அந்த மண்ணின் பிராணி அல்ல. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகளின் வம்சம். பிறகு 1930-களில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்துவிட்டன. இன்று மாநிலத்தில் 25 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. மொத்தமுள்ள 254 மாவட்டங்களில் 253-ல் இருக்கின்றன.

சட்டத்தைக் கேட்டால் நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண்டு முழுக்கச் சுடலாம். இத்தனைதான் என்ற கணக்கில்லை. 2011-ல் வந்த சட்டப்படி, பணம் கட்டி ஹெலிகாப்டரில் ஏறிக்கூடச் சுடலாம். 2019 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் வேட்டை உரிமமே தேவையில்லை.

இருட்டியதும் வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாகப் பதினான்கு பன்றிகள். பெரியவர் குறி பார்த்தார். ஆனால், சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டார். பன்றிகளுக்குப் பின்னால், வெகு தூரத்தில் ஒரு வீட்டின் விளக்கு. “நாலாவது விதி” என்று முணுமுணுத்துவிட்டு, அரை மணி நேரம் சுற்றி நடந்து, பின்னால் மேடு இருக்கிற இடம் பார்த்து உட்கார்ந்தார். பிறகுதான் சுட்டார். ஒன்று விழுந்தது. மற்ற பதிமூன்றும் மாயமாகிவிட்டன.

கையுறை போட்டுக்கொண்டுதான் பன்றியைத் தொட்டார். காட்டுப்பன்றி ரத்தத்திலிருந்து புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் மனிதருக்குத் தொற்றும். கறியையும் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வேகவைக்க வேண்டும் என்றார்.

நான் மலைத்துப்போய் நின்றேன். ஆனால், மறுநாள் காலையில் வந்த குத்தகைதாரர் முகத்தில் சந்தோஷமில்லை. வயலின் மறுகோடியில், ஐந்தடி உயரக் கம்பித் தடுப்பை வட்டமாக நிறுத்தி ஒரு கூண்டு வைத்திருக்கிறார். பத்து நாளாகக் கதவைத் திறந்தே வைத்து, புளிக்க வைத்த மக்காச்சோளத்தை உள்ளே போட்டு, கேமராவில் பார்த்துவந்திருக்கிறார். கூட்டத்தில் பதினொன்று பயமில்லாமல் உள்ளே வரத் தொடங்கிவிட்டன. மீதி மூன்றும் பழகியதும், கைப்பேசியில் ஒரு பட்டனை அழுத்தினால் கதவு விழுந்துவிடும். கூட்டம் மொத்தமும் உள்ளே.

“இனி ரெண்டு வாரத்துக்கு இந்தப் பக்கமே வராது” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. விருந்தாளியான எனக்குக் காட்டுவதற்காகச் சுட்டதில் அந்த மனுஷனுடைய பத்து நாள் உழைப்பு வீணாகிவிட்டது.

பெரியவர் தலை குனிந்தார். “தப்பு என்னோடதுதான்” என்றவர், திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: “நாப்பது வருஷமாச் சுடுறேன். பன்னி கூடித்தான் இருக்கு. சுடுறது எனக்குப் பொழுதுபோக்கு. பன்னியைக் குறைக்கிறது வேலை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.”

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பெட்டைப் பன்றி சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடும். ஈற்றுக்குச் சராசரி 4 முதல் 6 குட்டி. ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தால்தான் எண்ணிக்கை ஏறாமலாவது நிற்கும் என்று அங்குள்ள விரிவாக்கத் துறையினர் சொல்கிறார்கள். ஒன்று, இரண்டாகச் சுட்டால் மிஞ்சியவை உஷாராகி, பக்கத்து வயலுக்கு இடம் மாறும். இதைப் புரிந்துகொண்ட மிசௌரி மாநிலம், 2016-ல் தன் வனவளத் துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்து, கூட்டத்தோடு பிடிக்கும் முறைக்கு மாறியது.

நமக்கு என்ன பாடம்?

அங்கே 200 ஏக்கர் நிலத்திலேயே ஒரு விளக்கு தெரிந்ததும் துப்பாக்கி இறங்கியது. தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். காட்டுக்கொரு சாளை, ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வரப்பில் நடக்கிற ஆட்கள். பெரிய ரகத் துப்பாக்கியின் குண்டு 3 கிலோமீட்டருக்கு மேல் போகும். நாம் எந்த மேட்டைத் தேடி உட்காருவது?

நம் நாட்டில் காட்டுப்பன்றி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். நாமாகச் சுடவோ, பிடிக்கவோ முடியாது. ஆனால், கேட்கலாம். தனித்தனியாகப் போய்ப் புலம்பாமல், பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து, எந்தத் தேதி, எந்தச் சர்வே எண், எத்தனை பன்றி, எந்த வழியாக வருகிறது என்று குறித்து, படத்தோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். கூட்டத்தோடு பிடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

நேரடி மின்சாரத்தை வேலியில் விடுவதும் அவுட்டுக்காய் வைப்பதும் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் வேலியில் கை வைத்து உயிர்விட்டவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்தவன் நான். மின்வேலி வேண்டுமென்றால், விதிப்படி பதிவு செய்த சூரிய மின்வேலி போடுங்கள்.

ஊர் திரும்பி ஐந்து வாரம் கழித்து, மகன் ஒரு படம் அனுப்பினான். கூண்டுக்குள் பன்றிகள். எண்ணிப் பார்த்தேன், பதிமூன்று. கூடவே பெரியவர் சொல்லச் சொன்னதாக ஒரு வரி: “இந்தத் தடவை நான் சுடல. தினமும் சோளம் மட்டும்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.”