ஐயாற்றங்கரை அறப்பளீஸ்வரர்
குன்றாண்டார்கோவிலில் குன்றின் அடிவாரத்துக் குடைவரையிலேயே ஈசன் எழுந்தருளியிருப்பதால், மலையேற இயலாத முதியோரும் எளிதில் தரிசிக்கலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை அவ்வாறன்று. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், தேவார வைப்புத்தலமான அறப்பளீஸ்வரர் ஆலயம். அங்கிருந்து கானகப் பள்ளத்தாக்கினுள் 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி.

படிகள் செங்குத்தானவை, ஈரத்தில் வழுக்கும். இறங்குவதினும் திரும்ப ஏறுவதே கடினம். மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உடையோர் துணிதல் தகாது. அருவியைக் காணவில்லையே என வருந்தவும் வேண்டா. அருவியாய் வீழும் ஐயாறு, ஆலயத்தின் அருகே அமைதியாய் ஓடிய பின்னரே பள்ளத்தில் பாய்கிறது. இளையோர் இறங்கி நீராடி வரட்டும். முதியோர் கரையில் நின்று மீன்களுக்கு உணவிட்டு, அதே நீரைச் சிரசில் தெளித்துக்கொண்டு ஈசனை வணங்கலாம். கங்கையைச் சடையில் தாங்கியவன் சந்நிதியில் பலன் இருவர்க்கும் ஒன்றே.