நாற்பதின்மரில் ஒருவன்



2025 ஜனவரி பள்ளி விடுமுறையில் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, இவன் கணினியை விட்டு எழுவதே இல்லை. நீங்கள் வந்து நான்கு வார்த்தை சொன்னால்தான் கேட்பான்" என்றாள். அவள் மகன் படிவம் நான்கில் பயிலவிருந்தான். கண்டிக்கும் பொறுப்பு எப்போதும் தாய்மாமனுக்குத்தானே! சனிக்கிழமை மாலை கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டை அடைந்தேன். சொல்லவேண்டியவற்றை வழியெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டே சென்றேன்.

அறைக்குள் நுழைந்ததும், "மாமா, இன்றுதான் எனக்கு முதல் ரெய்டு. கொஞ்சம் பொறுங்கள்" என்றான். அவன் குரலில் இருந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. தேர்வு மண்டப வாசலில் பிள்ளைகளிடம் கேட்கும் அதே நடுக்கம். பேசாமல் அருகில் அமர்ந்தேன்.

ரெய்டு என்றால் என்ன என்று அறியாத பெற்றோருக்காகச் சிறு விளக்கம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்தது. அதன் பழைய வடிவம் 2019-இல் 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. அதில் 'மோல்டன் கோர்' என்றொரு தீக்குகை உண்டு. நாற்பது பேர்வரை ஒன்றுகூடி அங்குள்ள பத்துப் பெரும் பகைவர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தவேண்டும். இப்பகைவர்களையே 'பாஸ்' என்கிறார்கள். 'டேங்க்' எனப்படுவோர் அடியைத் தாங்குவர், 'ஹீலர்' எனப்படுவோர் காயம் ஆற்றுவர், மற்றவர் தாக்குவர். இறுதிப் பகைவன் ரக்னரோஸ். விளையாட்டு வெளிவந்து ஐந்து மாதங்கள் கழித்து, 2005 ஏப்ரலில்தான் உலகில் ஒரு குழு அவனை முதன்முதலாக வீழ்த்தியது.

எங்கள் பையனின் குழுவில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர். அங்கே இரவு ஒன்பது மணி; நமக்கு மாலை ஆறு. முதல் சில பாஸ்கள் எளிதில் வீழ்ந்தனர். பிறகு 'பேரன் கெடன்' என்பவன் வந்தான். அவன் குழுவில் யாரேனும் ஒருவர்மேல் வெடிகுண்டை ஏற்றிவிடுவான். எட்டு நொடியில் அது வெடிக்கும். குண்டு ஏறியவர் கூட்டத்தை விட்டு விலகித் தனியே ஓடவேண்டும். எங்கள் பையன்மேல் குண்டு ஏறியது. அவன் என்ன செய்தான்? காயம் ஆற்றுவோர் காப்பாற்றுவர் என்று நம்பி, அவர்கள் நடுவே ஓடி நின்றான். ஹீலர்கள் பலர் அங்கேயே மாண்டனர். ஒரு நிமிடத்தில் நாற்பது பேரும் அழிந்தனர்.

ஒலிபெருக்கியில் ஒருவர் கடுமையாகக் கத்தினார். பையன் வாய் திறக்கவில்லை. அவன் கை, கணினியை அணைக்கும் பொத்தானை நோக்கிப் போனது. அப்போது குழுத்தலைவரின் நிதானமான குரல் வந்தது: "இன்று யாருக்கேனும் இது முதல் முறையா?" சற்றுத் தயங்கி, "ஆம், எனக்குத்தான். மன்னிக்கவும்" என்று தட்டெழுதினான். "முன்பே சொல்லியிருக்கலாமே! வலப்பக்கச் சுவர் தெரிகிறதா? உன்மேல் குண்டு ஏறினால் அங்கே ஓடு. இன்று உன் வேலை அவ்வளவுதான்" என்றார் அவர்.

அடுத்த முயற்சியில் குண்டு வேறு யார்மேலோ ஏறியது. பையனோ சண்டை முடியும்வரை அந்தச் சுவரைப் பார்த்தபடியே இருந்தான். பேரன் கெடன் வீழ்ந்தான். அன்றிரவு ரக்னரோஸை அவர்களால் வெல்ல முடியவில்லை. ஆயினும் பையன் முகம் மலர்ந்திருந்தது.

கண்டிக்க வந்த நான், இரவு உணவுக்குப்பின் அவனிடம் பாடம் கேட்டேன். முதன்முறை ரெய்டுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கென அவனும் நானும் தொகுத்த அறிவுரைகள் இவை.

முதலாவது, புதியவன் என்பதைத் தொடங்குமுன் சொல்லிவிடு. ஒருவரும் உன்னை விரட்டமாட்டார் என்று உறுதி கூற இயலாது. எனினும் சொல்லாமல் மறைத்தால் நாற்பது பேரின் உழைப்பு வீணாகும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் படித்து மனனம் செய்ய முயலாதே. அனைவரையும் கொல்லக்கூடிய ஒன்று எது என்று மட்டும் கேட்டறி. பேரன் கெடனிடம் அது வெடிகுண்டு. ரக்னரோஸிடம் மூன்று நிமிடக் கணக்கு. அதற்குள் அவன் வீழாவிட்டால் தீக்குழம்பில் மூழ்கி, எட்டுத் தீப்பிள்ளைகளை ஏவிவிடுவான்.

மூன்றாவது, வலுவாக அடிப்பதைவிட உயிரோடு நிற்பதே பெரிது. மாண்டவன் ஓர் அடியும் அடிப்பதில்லை.

நான்காவது, தோற்றபின் "யார் தவறு?" என்று கேளாதே, "என்னைக் கொன்றது எது?" என்று கேள். உலகின் முன்னணிக் குழுக்களே பலநூறு முறை தோற்கின்றன. 2024-இல் இதே விளையாட்டின் புதிய பாஸ் ஒருத்தியை முதலில் வென்ற குழு, அதற்காக 400-க்கும் மேற்பட்ட முறை முயன்றது.

ஐந்தாவது, உடலுக்கும் எல்லை உண்டு. 2008-இல் 'ஃபைனல் ஃபேண்டஸி லெவன்' விளையாட்டில் ஒரு குழு ஒரே பாஸுடன் 18 மணி நேரம் போராடியது. சிலர் வாந்தியெடுக்கும் நிலைக்கு ஆளான பிறகே கைவிட்டனர். பின்னர் நிறுவனமே அச்சண்டைக்குக் கால வரம்பு விதித்தது.

பெற்றோருக்கும் ஒரு சொல். ரெய்டை இடையில் நிறுத்திவைக்க இயலாது, மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஆகவே நடுவே "சாப்பிட வா!" என்று கத்துவதைவிட, எத்தனை மணிக்கு முடிக்கவேண்டும் என்பதைத் தொடங்குமுன்னே பேசி முடிவு செய்யுங்கள். என் தங்கை வீட்டில் வாரம் ஒரு நாள், இரவு ஒன்பது மணி என்று முடிவாயிற்று. பெரும்பாலும் காப்பாற்றுகிறான்.

கடைசி கொமுட்டரில் கிள்ளானுக்குத் திரும்புகையில் என் நினைவில் நின்றவன் வேறொரு சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டில் என்னிடம் பயின்றவன். உரக்க வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போதெல்லாம் கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்பான். குறும்பு என்று எண்ணினேன். ஒருநாள் விடாமல் எழுப்பி வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டக்கூட அவனுக்கு வரவில்லை. "நான்காம் ஆண்டு வந்தும் இதுகூடத் தெரியாதா?" என்று வகுப்பின் நடுவே கேட்டுவிட்டேன். அதன்பின் அவன் என்னிடம் அனுமதி கேட்கவும் இல்லை. ஐயம் கேட்கவும் இல்லை. ஆண்டிறுதியில் வேறு பள்ளிக்கு மாறிப்போனான்.

எனக்குத் தெரியாது என்று அவன் சொல்வதற்கு நான் ஒரு வாய்ப்பும் தரவில்லை. முகம் தெரியாத அந்தக் குழுத்தலைவர் ஒரே வினாவில் தந்துவிட்டார்.

இப்போதெல்லாம் புதிய பாடம் தொடங்குமுன், "இது யாருக்கு முதல் முறை?" என்று கேட்கிறேன். முதல் வாரம் ஒரு கையும் உயரவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு கைகள் உயர்ந்தன. அவர்களுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன்.

விளையாட்டில் குண்டு ஏறியவன் கூட்டத்தை விட்டு விலகி ஓடவேண்டும். வகுப்பறையில் அப்படியன்று, அவன் நம்மிடம்தான் ஓடி வரவேண்டும். வருவானா என்பது, முதல் முறை அவன் தவறும்போது நாம் பேசும் சொல்லைப் பொறுத்தது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.