காரீயம் போகும் வழி

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைச் சுமந்து நிற்கிறது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டும், மீன்வலையின் அடியில் கோத்திருக்கும் மணிகளும், வண்டிகளின் பேட்டரியும் காரீயம். முன்னது வீட்டுக்குள் புழங்குவது. பின்னது உடம்பில் ஏறினால் எளிதில் இறங்காத நஞ்சு. பேச்சு வழக்கில் நாம் அடைமொழியை உதிர்த்துவிட்டோம். தெருவில் 'ஈயம் பூசலையா' என்ற குரலைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தச் சொல்லில் அடுப்படியின் மணம்தான் இருக்கிறது. காரீயத்தைக் கண்டு நமக்குப் போதிய அச்சம் வராததற்கு இந்தப் பெயர்ப் பொருத்தமும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2015-இல் நூடுல்ஸ் பொட்டலத்தில் காரீயம் இருப்பதாகச் செய்தி வந்தபோது நாடே கொதித்தது. அன்று பேசப்பட்ட வரம்பு பத்து லட்சத்தில் 2.5 பங்கு. அதே வீடுகளில், மாடிப்படிக்குக் கீழே, முப்பது கிலோவுக்கும் மேல் காரீயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் பேட்டரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதைக் குறை சொல்ல ஏதுமில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரை காரீயம் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கேள்வி, பெட்டி திறக்கப்படும் நாளைப் பற்றியது.

தென்காசிப் பக்கம் இன்வெர்ட்டர் பெருகியது மின்வெட்டுக் காலத்தில்தான். 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் அதிகமாக மின்சாரம் நின்ற நாட்களை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, அவற்றின் நிழலில் நாங்கள் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வீடாக பேட்டரி வாங்கியது. குற்றாலத்து விடுதிகளும் சீசன் கடைகளும் வாங்கின. மின்வெட்டு பெரும்பாலும் போய்விட்டது, பேட்டரி போகவில்லை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அது சாகிறது, புதியது வருகிறது. செத்ததை யாரோ எடுத்துப் போகிறார்கள்.

யார் எடுத்துப் போகிறார்கள், எங்கே போகிறது என்ற கேள்வி எனக்கு வந்தது ஒரு பேரத்தின் நடுவே. புது பேட்டரி வாங்கிய கடைக்காரர் பழையதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று பிற்பகலே தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். சென்னையில் காயலான் கடை என்பார்கள். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடைக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் பழைய இரும்புக்கடை என்றே சொல்கிறோம்.

"அவங்க கம்பெனி, நீங்க தள்ளுவண்டி. உங்களால எப்படி அண்ணாச்சி கூட குடுக்க முடியுது?" என்று கேட்டேன்.

"தண்ணியக் கீழ விட்டுருவோம் சார். எடை கம்மியாயிரும், லாரிக்காரன் வாடகையும் கம்மி. பில்லு கில்லு ஒண்ணும் கிடையாது" என்றார் அவர், மறைக்க ஏதும் இல்லாதவராக.

அவர் தண்ணீர் என்று சொன்னது கந்தக அமிலம். வெறும் அமிலமும் அல்ல. தகடுகளிலிருந்து உதிர்ந்த காரீயத் துகள் கலந்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய கடைக்குப் போய்ப் பார்த்தேன். பின்புறத்தில் மண் வெளுத்து, புல் இல்லாமல் கிடந்தது. அதை ஒட்டி ஒரு ஓடை. இந்தப் பக்கத்து ஓடைகள் சிற்றாற்றைத் தேடிப் போகின்றவை. சிற்றாறு குற்றாலத்து மலையில் பிறந்து, அருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆற்றையே நஞ்சாக்கிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. காரீயம் அவ்வளவு தூரம் பயணப்படுகிற பொருள் அல்ல. விழுந்த இடத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடப்பது அதன் குணம். அதுவே அதன் கொடுமையும்கூட. அது மக்காது, ஆவியாகி மறையாது. அந்த மண்ணில் விளையாடுகிற குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும்.

அங்கே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருந்தான். அவருடைய பேரன். நான்கு வயது இருக்கும்.

காரீயம் உடம்புக்குள் சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் நுழைகிறது. கால்சியம் என்று நம்பி உடல் அதை எலும்பில் சேமிக்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் தங்குகிறது. உட்கொண்ட காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் சொல்கிறது. பெரும்பாலும் வெளியே தெரியும் நோயாக அது வருவதில்லை. பாடத்தில் மனம் நிற்காமல் போவது, கோபம், சோகை, நினைவுக் குறைவு. நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னவன். இந்தக் குறிகளை எல்லாம் 'மண்டு' என்ற ஒரே சொல்லால் தீர்த்து வைக்கும் ஆசிரியர் அறைகளை அறிவேன்.

2020-இல் யுனிசெஃப், 'ப்யூர் எர்த்' என்ற அமைப்புடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். காரணங்கள் பல: மஞ்சள் தூளில் கலக்கும் நிறமி, பெயின்ட், மட்கலங்களின் மேற்பூச்சு. அறிக்கை முதன்மையாகச் சுட்டிய காரணங்களில் ஒன்று, முறையின்றிப் பிரிக்கப்படும் பேட்டரி.

இதன் உச்சக் காட்சி செனெகல் நாட்டில் நடந்தது. தலைநகர் டக்காரின் விளிம்பில் உள்ள தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் பெண்கள் பழைய பேட்டரிகளைப் பிரித்துப் பிழைத்தார்கள். காரீய விலை ஏறியபோது, பல ஆண்டுகளாகக் கொட்டிய மண்ணையே சல்லடையில் சலித்துத் துகள் பொறுக்கினார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தும் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. வேறு ஏதோ நோய் என்றே முதலில் எண்ணியிருக்கிறார்கள்.

வறிய நாட்டின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கலிஃபோர்னியாவின் வெர்னான் நகரில் உரிமம் பெற்று ஓடிய பேட்டரி உருக்காலை ஒன்று 2015-இல் மூடப்பட்டது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளின் முற்றத்து மண்ணை அரசு தோண்டி எடுக்க வேண்டிவந்தது. நம் மாநிலத்தில், காரீயத்தின் ஒன்றுவிட்ட சகோதரனான பாதரசத்தின் கதை கொடைக்கானலில் நடந்தது. வெப்பமானித் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு 2001-இல் கண்டெடுக்கப்பட்டது ஊருக்குள் இருந்த ஒரு பழைய இரும்புக்கடையில்தான். மலையானாலும் சமவெளியானாலும் நஞ்சு முதலில் வந்து சேரும் முகவரி அது.

இத்தனைக்கும் காரீய பேட்டரியைப்போல மறுசுழற்சிக்கு இசைவான பொருள் வேறொன்று இல்லை. 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே வடித்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. எடையில் சுமார் அறுபது சதவீதம் காரீயம். அது எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. சரியான ஆலையில் பேட்டரியை அமிலத்தோடு முழுதாகக் கொண்டுபோய் மூடிய எந்திரத்தில் நொறுக்குகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் மிதக்கும், காரீயம் மூழ்கும். அமிலம் நடுநிலையாக்கப்படுகிறது. தகட்டின் பசையில் உள்ள கந்தகத்தைச் சோடா உப்பால் பிரித்தால் கிடைக்கும் சோடியம் சல்ஃபேட் சலவைத்தூளுக்குப் போகிறது. உலைப்புகை பை வடிகட்டிகளின் வழியாகவே வெளியேற வேண்டும். தொழிலாளி குளித்து, வேலை உடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். குறித்த இடைவெளியில் ரத்தம் சோதிக்கப்பட வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். கட்டை விறகும் இரும்புச் சட்டியும் போதும். என் தெருவில் கூடுதலாகக் கிடைத்த அந்தச் சில நூறு ரூபாய் இந்தச் செலவுகளைச் செய்யாமல் விட்டதால் மிச்சமானது. வரி, வடிகட்டி, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் விலை என் கைக்குப் பணமாக வருகிறது. அவருடைய பேரனின் எலும்பில் கடனாக எழுதப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001-இலேயே பேட்டரி விதிகள் வந்தன. முதல் ஆண்டில் 50, இரண்டாம் ஆண்டில் 70, மூன்றாம் ஆண்டு முதல் 90 சதவீதம் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. 2022-இல் அவற்றின் இடத்தில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. இப்போது மின்வாகனங்களின் லித்தியம் பேட்டரிகளும் உள்ளே வந்துவிட்டன; தயாரிப்பாளர் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். காகிதத்தில் ஓடும் கணக்கு மண்ணில் நடப்பதோடு பொருந்த வேண்டும் என்பதே என் கவலை. பிளாஸ்டிக் கழிவுக்கான இதேபோன்ற ஏற்பாட்டில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டது 2023-இல்தான்.

அந்தக் கடைக்கு மூன்றாம் முறை போனபோது பேரனின் ரத்தத்தைச் சோதிக்கலாமே என்றேன். செலவை நானே ஏற்பதாகவும் சொன்னேன். உள்ளூர் ஆய்வகத்தில் மாதிரி எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள் என்பதை விசாரித்து வைத்திருந்தேன். பெரியவர் பதில் பேசவில்லை. உள்ளேயிருந்து வந்த அவருடைய மருமகள்தான் கேட்டாள்.

"கூட இருக்குன்னு சீட்டு வந்தா என்ன சார் செய்யணும்?"

இடத்தை மாற்ற வேண்டும், அந்த மண்ணிலிருந்து பிள்ளையை விலக்க வேண்டும், முதல் மருத்துவம் அதுதான் என்றேன்.

"கடையே அதான சார். கடைய எங்க மாத்த?"

அவள் கேட்டதில் எரிச்சல் இல்லை. உண்மையிலேயே விடை தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதற்குப் பின் நான் இதைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான்.

கடையை மூடி முத்திரை வைப்பது விடையல்ல. மூடினால் வேலை இன்னும் உள்ளே, வீட்டுக் கொல்லைக்குப் போகும். தென்காசி போன்ற ஊருக்கு உலை வேண்டியதில்லை. உலை இங்கே வரவும் கூடாது. இங்கே வேண்டியது சேகரிக்கும் இடம்: அமிலம் தின்னாத தளம், கூரை, எடைமேடை, உரிமம். தெருத் தெருவாகப் போகத் தெரிந்த, ஒவ்வொரு வீட்டின் மாடிப்படியையும் அறிந்த இந்தப் பெரியவரைப் போன்றவர்களை எந்த நிறுவனத்தாலும் உருவாக்க முடியாது. திறக்காமல், கொட்டாமல் முழு பேட்டரியாகக் கொண்டுவந்து தருவதற்கு அவருக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும். அமிலத்தைக் கொட்டுவது அவருக்கு நட்டமாக வேண்டும். இன்று அது லாபமாக இருக்கிறது. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. விற்கும்போதே ஒரு முன்பணத்தைப் பிடித்துவைத்து, பழையதைத் திருப்பினால் தருவது புதிய யோசனையும் அல்ல. ஒரு காலத்தில் சோடா பாட்டிலுக்கு எல்லாப் பெட்டிக்கடையிலும் அதைத்தான் செய்தார்கள்.

என் பேட்டரியைப் புதியது விற்ற கடைக்கே கொடுத்தேன். ரசீது கேட்டு வாங்கினேன். அதனால் அந்தப் பெரியவர் ஒரு நாள் வருமானத்தை இழந்தார் என்பதும் எனக்குத் தெரியும். சோதனைக்கு அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் போன மாதம் பார்த்தபோது, பின்புறத்தில் பிள்ளை வராதபடி தகரத்தை வைத்து அடைத்திருந்தார்கள். பெரியவர் வேலைச் சட்டையைக் கடையிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வேறு சட்டையில் வீட்டுக்குப் போகிறார். "மருமவ சொல்லிட்டா" என்றார்.

தகரம் போதாது. அவர்களால் முடிந்தது அதுதான். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பேட்டரியைத் தயாரிப்பவர்களும், விற்பவர்களும், மாடிப்படிக்குக் கீழே அதை வைத்திருக்கிற நாமும்.