ஔந்த்ல ஒரு சின்ன வீடு

தலைப்பைப் பார்த்துட்டு அவசரமா ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது அந்தச் சின்ன வீடு இல்லைங்க. அதுக்கு வருமானமும் பத்தாது, தைரியமும் பத்தாது :-) நான் சொல்றது நிஜமாவே சின்னதா இருக்கிற வீடு. புனேல, ஔந்த் பரிஹார் சௌக்ல இருந்து பொடிநடையா போயிடலாம். ரெண்டு பெட்ரூம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாச வாடகை 26 ஆயிரம். நான், தங்கமணி, நாலாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, இது போக வருஷத்துல பாதி நாள் கோவில்பட்டில இருந்து வந்து தங்குற எங்க அம்மா. இவ்வளவுதான் குடும்பம்.

ஊருக்குப் போனா அத்தை கேக்குற முதல் கேள்வி, "ஏய்யா, பன்னெண்டு வருஷமா புனேல சம்பாதிக்க, இன்னுமா வாடகை வீடு?" ஹிஞ்சேவாடி ஆபீஸ்ல கூட இருக்கிறவங்க நேரா கேக்க மாட்டாங்க. பாணேர்ல, பாலேவாடில வாங்கின மூணு பெட்ரூம் வீட்டோட கிரகப்பிரவேசப் பத்திரிகையை நீட்டும்போது ஒரு சின்ன சிரிப்பு சிரிப்பாங்க. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடலாம்னு பார்க்கிறேன்.

முதல்ல கணக்கு. 2021ல நாங்களும் பாலேவாடில வீடு பார்த்தோம். கைக்காசு போக 90 லட்சம் கடன் வேணும். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னு போட்டுப் பாருங்க. மாசத் தவணை 78 ஆயிரத்துச் சொச்சம். 20 வருஷத்துல கட்டி முடிக்கிறது 1 கோடியே 87 லட்சம். அதுல வட்டி மட்டும் 97 லட்சம். ரெண்டு பேர் சம்பளமும் நிக்காம வந்தா கட்டிடலாம். அந்த "நிக்காம" வந்தாங்கிற இடத்துலதான் தங்கமணி பேனாவைக் கீழ வெச்சாங்க.

அவங்க அப்போ சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தாங்க. நல்ல சம்பளம். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியில இருந்தே டீச்சர் ஆகணும்னு ஆசை. பி.எட். ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் சம்பளம் கிடையாது. அப்புறம் ஸ்கூல்ல சேர்ந்தாலும் பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்கு வந்தா பெரிசு. வீட்டை வாங்கினா இந்த ஆசையை 20 வருஷத்துக்குப் பரண்ல போட்டுடணும். ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். வீடு வேண்டாம்னு முடிவாச்சு. இன்னைக்கு அவங்க ஏழாங்கிளாஸ் பசங்களுக்குக் கணக்கு டீச்சர். சாயங்காலம் வீட்டுக்குள்ள வரும்போது அவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி பத்து வருஷம் எப்படி இருந்ததுன்னும் தெரியும்.

சரி, ஒன்றரை சம்பளத்துல புனேல எப்படிக் குடும்பம் நடக்குது? ரகசியம் ஒண்ணும் இல்லை. நாலஞ்சு பழக்கம்தான். பாதி ஊர்ல இருந்து கொண்டு வந்தது, பாதி இந்த ஊர்க்காரங்க கிட்ட கத்துக்கிட்டது.

1. சமையல். வந்த புதுசுல எல்லாத் தமிழ்க் குடும்பத்தையும் போல பொன்னி அரிசி, நல்லெண்ணெய், அப்பளம்னு ராஸ்தா பேட்டைக்கு அலைவோம். இப்போ பாதிக்கு மேல உள்ளூர் சரக்குதான். இங்க இந்திராயணின்னு ஒரு அரிசி இருக்கு. நல்ல வாசனை, ஆனா குழையும். சாம்பார் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்லை. தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் மராட்டிக்காரங்க மாதிரி வறுத்த வேர்க்கடலையைப் பொடி பண்ணிப் பொரியல்ல தூவிடுறோம். வாரத்துல ஒரு ராத்திரி பிட்லாவும் சோள பாக்ரியும். பிட்லான்னா கடலைமாவைக் கரைச்சு, தாளிச்சுக் கிண்டுறது. கால் மணி நேர வேலை. கூட ஒரு பச்சை வெங்காயம், மிளகாய்த் தெச்சா. ஹோட்டலுக்குப் போகணும்னே தோணாது.

2. வத்தல் வடாம். ஏப்ரல்ல அம்மா இங்க இருந்தா மொட்டை மாடி எங்க அம்மாவுக்கும் எதிர் வீட்டு காகுவுக்கும்தான் சொந்தம். (காகுன்னா சித்தி, அத்தைன்னு கூப்பிடுற மாதிரி.) அம்மாவுக்கு மராட்டி தெரியாது, காகுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா காகுவோட சாண்ட்கி மிர்ச்சியும் நம்ம மோர்மிளகாயும் அக்கா தங்கச்சிங்க. அவங்க கோதுமையை ஊறவெச்சுப் பால் எடுத்துக் காய்ச்சிக் குர்டை பிழிவாங்க, அம்மா அரிசிக்கூழ் கிண்டி வடாம் பிழிவாங்க. உப்பு கூடவா குறைவான்னு ரெண்டு பேரும் ரெண்டு பாஷையில சண்டை போடுவாங்க. காக்கா விரட்டுற வேலை என் பொண்ணுக்கு. கூலி, பாதி காஞ்ச வடாம். அந்த ருசி கடைல வாங்குற பாக்கெட்ல கிடையாது.

3. பழசு. மாசக் கடைசில பழைய பேப்பர் எடைக்குப் போயிடும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா வருவாங்க. நம்ம ஊர்லயும் அவங்க உண்டே. அம்மாவோட பழைய சுங்குடிச் சேலைகளை மட்டும் கொடுக்கலை. இங்க கோதடின்னு ஒண்ணு தைப்பாங்க. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கா வெச்சு, கையாலயே நெருக்கமா ஓடுதையல் போட்டுப் போர்வையாக்கிடுவாங்க. காகு சொன்ன ஒரு அம்மாகிட்ட ஆறு சேலை கொடுத்தோம். டிசம்பர் குளிர்ல பொண்ணுக்கு அதுதான் வேணும். அவ தூங்குறதுக்கு முன்னாடி ஆச்சி ஒவ்வொரு துண்டா தொட்டுக் காட்டுவாங்க. "இது உங்க தாத்தா தீபாவளிக்கு எடுத்தது. இது உங்க அப்பன் பிறந்தப்போ கட்டியிருந்தது." விலை போட்டு வாங்குற கம்பளில இந்தக் கதை வருமா?

4. ஞாயித்துக்கிழமை. மால் பக்கம் போறது எப்பவாவதுதான். மத்த வாரம் பாஷாண் ஏரி, இல்லைன்னா சதுஶ்ருங்கி கோயில் மலை, அதுவும் இல்லைன்னா யுனிவர்சிட்டி வளாகம். வீட்ல இருந்து தண்ணி பாட்டிலும் புளியோதரையும். ஆலமரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டு, பழைய மெயின் பில்டிங்கைச் சுத்தி நடப்போம். ஒரு தமாஷ் என்னன்னா, அந்தக் கட்டடம் 1860கள்ல பம்பாய் கவர்னர் மழைக்காலத்துல தங்குறதுக்காகக் கட்ட ஆரம்பிச்சது. செலவு கன்னாபின்னான்னு எகிறி, இவ்வளவு ஆடம்பரமான்னு அப்பவே கண்டனம் வந்துச்சு. 1949ல யுனிவர்சிட்டி வந்த பிறகு அது படிக்கிற பசங்க இடமாயிடுச்சு. கவர்னர் வீட்டு மரத்தடியில எங்க புளியோதரை. செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும். ரெண்டு விஷயத்துல கவனமா இல்லைன்னா சிக்கனம் அசிங்கமாயிடும்.

ஒண்ணு, யார் தலையில சிக்கனம்? புனேல வீடு வீடா வந்து குப்பை எடுக்கிறவங்கள்ல நிறைய பேர் ஸ்வச்ங்கிற கூட்டுறவு அமைப்பைச் சேர்ந்தவங்க. குப்பை பொறுக்கிப் பிழைச்சவங்க 1993ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, பேர் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத். காகிதம், கண்ணாடி, தகரம்னு அர்த்தம். அந்தச் சங்கத்துல இருந்து வந்ததுதான் ஸ்வச். வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம் வாங்கித்தான் அவங்க பொழப்பு. அதையும் இழுத்தடிக்கிற வீடுகள் இருக்கு. கீரைக்காரம்மாகிட்ட ரெண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிட்டு, போற வழியில முந்நூறு ரூபாய்க்குக் காபி குடிக்கிறவங்களும் இருக்காங்க. என் கணக்குல நம்ம செலவைக் குறைச்சா சிக்கனம், அடுத்தவங்க கூலியைக் குறைச்சா கஞ்சத்தனம். எங்க வீட்ல பாத்திரம் தேய்க்க வர்ற மாவ்ஷிக்கு, ஒரு சம்பளம் நின்ன மாசம்கூட ஒரு ரூபாய் குறைக்கலை. தீபாவளிக்கு ஒரு மாச போனஸும் உண்டு. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டு, யார் கையில வேலை? வீட்லயே மாவு அரைக்கிறது, தெளிய ஊறுகாய் போடுறது எல்லாம் மிச்சம்தான். ஆனா அந்த மிச்சம் முழுக்க ஒரு பொம்பளையோட இடுப்பு வலியில இருந்து வந்தா அதுக்குப் பேர் சிக்கனம் இல்லை. எங்க வீட்ல கிரைண்டர் என் டிபார்ட்மெண்ட். சனிக்கிழமை அரிசி ஊறப்போடுறதுல இருந்து கிரைண்டர் கழுவுற வரைக்கும். ரெண்டு பேரும் அசந்துபோன வாரம் கடையில மாவு பாக்கெட் வாங்கிடுவோம். யாரும் யாரையும் முறைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

ஔந்த்ன்னு சொன்னா வரலாறு படிச்சவங்க வேற ஊரை நினைப்பாங்க. சாத்தாரா மாவட்டத்துல இருக்கிற ஔந்த். இதே பேர்ல ஒரு சின்ன சமஸ்தானமா இருந்தது. அதோட ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி, சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊரா பரப்பினவர். 1938-39ல காந்தியோட யோசனையைக் கேட்டு ஆட்சியை ஜனங்க கையிலயே கொடுத்தார். அந்த வேலையில கூட நின்னவர்ல ஒருத்தர் மாரிஸ் ஃப்ரீட்மன். போலந்துக்காரர், நம்மளை மாதிரியே பொழைப்புக்காக ஊர் விட்டு வந்த எஞ்சினீயர். பெங்களூர்ல மின்சாமான் தொழிற்சாலையை நடத்தினவர். திருவண்ணாமலைக்கு ரமணரைப் பார்க்கப் போறதும் வர்றதுமா இருந்தவர். சொகுசா இருந்திருக்கலாம். ஔந்த் கிராமங்கள்ல சுத்தினார், நூற்கிற ராட்டையை எப்படி நல்லா செய்யலாம்னு பார்த்தார், கடைசிவரை எளிமையா இந்தியாவுலயே இருந்து 1976ல பம்பாய்ல இறந்தார். நான் அவர் அளவுக்குப் போறவன் இல்லை. எனக்கு ஏசியும் வேணும், வாரக்கடைசில கிரிக்கெட்டும் வேணும். ஆனா எஞ்சினீயரா வந்த ஒருத்தன் சம்பளம் ஏற ஏற வீட்டையும் காரையும் பெரிசாக்கிக்கிட்டே போகணும்னு விதி ஒண்ணும் இல்லைன்னு அவரை நினைச்சா தோணும்.

அமெரிக்காவுல 1978ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. பிரிக்மனும் இன்னும் ரெண்டு பேரும் பண்ணினது. லாட்டரியில பெரிய தொகை விழுந்த 22 பேரைப் பேட்டி எடுத்தாங்க. மத்தவங்களைவிட அவங்க பெரிசா ஒண்ணும் சந்தோஷமா இல்லை. அதைவிட, நண்பர்கிட்ட பேசுறது, டிவி பார்க்கிறது, காலைச் சாப்பாடு மாதிரி அன்றாட விஷயங்கள்ல அவங்களுக்குக் கிடைச்ச சந்தோஷம் மத்தவங்களுக்குக் கிடைச்சதைவிடக் குறைவா இருந்துச்சாம். 22 பேர் ரொம்பக் கம்மிதான், அதை வெச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா எங்க வீட்ல நான் பார்க்கிறதும் அதேதான். மாசத்துக்கு ஒரு தடவை வெளிய சாப்பிடப் போனா, அதுக்கு முந்தின ரெண்டு நாள் எந்தக் கடை, என்ன சாப்பிடலாம்னு பொண்ணு திட்டம் போடுவா. தினமும் போனா அந்த ரெண்டு நாள் கிடைக்காது.

அவளுக்கும் கேள்வி வராம இல்லை. போன வருஷம் கூடப் படிக்கிற பையனோட பிறந்தநாளுக்குப் போயிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழட்டாம கேட்டா, "அம்மா, நாம ஏழையா?"

எனக்குத் தொண்டை அடைச்சது. தங்கமணி அசரலை. அலமாரியில இருந்த வீட்டுக்கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து அவ முன்னாடி பிரிச்சாங்க. வாடகை, பால், உன் ஸ்கூல் ஃபீஸ், ஆச்சி மாத்திரை, சேமிப்பு, இது நான் படிச்ச செலவு. "ஏழைன்னா இதுல எதைக் கட்டுறதுன்னு தெரியாம ராத்திரி தூக்கம் வராது. நமக்குத் தூக்கம் வருதா?" "வருது." "அப்போ நாம ஏழை இல்லை. ஆனா கேக்குறதெல்லாம் வாங்குற ஆளுங்களும் இல்லை." பொண்ணு கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தா. அப்புறம், பால் கணக்குல ஒரு நாள் விட்டுப் போயிருக்குன்னா. அன்னையில இருந்து பால் கணக்கு அவ பொறுப்பு.

இப்போ இந்த வீட்டுக்கும் நாள் வந்தாச்சு. ஔந்த்ல பழைய சொசைட்டி ஒவ்வொண்ணா இடிச்சுப் புதுசா கட்டுறாங்க. எங்க பில்டிங்கும் அந்த லிஸ்ட்ல. தீபாவளிக்குள்ள காலி பண்ணணும். அத்தைக்கு விஷயம் போயிடுச்சு, "இப்பவாவது வாங்குய்யா"ன்னு போன். ஒரு ராத்திரி பழைய நோட்டை எடுத்து மறுபடி கணக்குப் போட்டோம். வாங்குறதா இருந்தா தங்கமணி பழைய வேலைக்குத் திரும்பணும். அவங்க ஒண்ணும் சொல்லலை, ஏழாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கிட்டே இருந்தாங்க. நான்தான் நோட்டை மூடினேன்.

ஔந்த் கிராமத்துப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கோம். மூணாவது மாடி, இதைவிட ஒரு அறை சின்னது. அம்மா போன்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "மொட்டை மாடி இருக்காப்பா?" இருக்கு. வெயிலும் நல்லா விழுது. காகு வீடு அங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி வருது. ஏப்ரலுக்கு வந்துடறேன்னு டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க.

உங்க வீட்ல எப்படி? நீங்க வேண்டாம்னு விட்டதால உங்களுக்குக் கிடைச்சது என்ன? சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு.